கேஜெட்டுக்குப் பொறுப்பு நான்

சுங்கை புரோங்கில் ஒரு பள்ளித் திடல். ஒரு பக்கம் பள்ளிக் கட்டடம், மற்ற மூன்று பக்கமும் நெல் வயல். காற்றில் சேற்று வாடை. சுற்று வட்டாரப் பள்ளிகளிலிருந்து வந்த சாரணர் பிள்ளைகள் லோரிகளிலிருந்தும் வேன்களிலிருந்தும் மூங்கில் கழிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கழிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் திடல் முழுக்கக் கேட்டது.

அத்தனை மூங்கிலுக்கும் நடுவே நான் ஒரு பிஸ்கட் டின்னோடு நின்றேன். பெரிய டின். தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைப்பது. அதற்குள் பழைய துண்டை மெத்தையாக மடித்து விரித்திருந்தேன். பெயர் எழுதி ஒட்ட ஸ்டிக்கர், மூன்று சார்ஜர், ஒரு நீள ஒயர், எல்லாம் தயார்.

சாரணர் ஆசிரியர் சரவணன் சார் வேனின் பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கூடாரப் பைகளைத் தள்ளிப் பார்த்தார். பிறகு வேனின் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மூங்கில் எங்கக்கா?"

"எந்த மூங்கில் சார்?"

"கேஜெட் மூங்கில். நீங்கதானே பொறுப்பு."

நான் டின்னைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதன்பிறகு அவர் கொஞ்ச நேரம் வயலைத்தான் பார்த்தார்.

இருபது இருந்தால் போதும்

இதைப் படிக்கும் உங்களில் சாரணர் உடுப்பு போட்டவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். போடாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர் சாரணர் முகாமில் கேஜெட் என்றால் கைப்பேசி இல்லை. மூங்கிலையும் கயிற்றையும் மட்டும் வைத்துப் பிள்ளைகள் கட்டும் பொருட்களுக்கு அதுதான் பெயர். நுழைவாயில், தட்டு ரேக், காலணி வைக்கச் சப்பாத்து ரேக், துணி காயப்போடும் கொடி. ஆணி கூடாது, கம்பி கூடாது. மறுநாள் காலையில் நீதிபதிகள் வந்து ஆட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும்? நான் பல் கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கூப்பிடுகிறவள். எனக்குத் தெரிந்த கேஜெட் எல்லாம் சார்ஜ் போட வேண்டியவை.

பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் சார் செய்தி போட்டிருந்தார். முகாமுக்குப் பையன்களோடு ஆறு பெண் பிள்ளைகளும் போகிறார்கள், கூடவே ஒரு அம்மா வந்தால்தான் அவர்களை அனுப்ப முடியும், அப்படி வருகிறவர் கேஜெட் பொறுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அந்தக் குழு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். காலை வணக்கத்துக்கு முப்பது பூ வரும். இந்தச் செய்திக்கு வரிசையாகக் கட்டைவிரல் வந்தது, ஆள் வரவில்லை. எனக்கு வந்ததே கோபம். ஆறு பிள்ளைகள் வீட்டில் உட்காருவதா? 'நான் வருகிறேன் சார்' என்று போட்டுவிட்டேன்.

சார் உடனே ஃபோன் போட்டார். நான் விவரமாகத்தான் கேட்டேன்.

"எத்தனை சார் இருக்கும்?"

"ஒரு இருபது இருந்தா போதும்க்கா."

"எங்க வைக்கிறது?"

"ஓரமா ஒரு எடத்துல பத்திரமா வைங்க. மழையில நனையக் கூடாது. விரிசல் இருக்கான்னு ஒன்னொன்னா பாத்து வாங்கிக்குங்க. பின்னால பிரச்சினை வரும்."

இதில் எந்த இடத்திலாவது மூங்கில் தெரிகிறதா, நீங்களே சொல்லுங்கள். முகாம் முடியும்வரை பிள்ளைகளிடம் வாங்கி வைக்க இருபது கைப்பேசி, வாங்கும்போதே கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், பிறகு பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். எவ்வளவு தெளிவான மனிதர் என்று என் வீட்டுக்காரரிடம் பாராட்டக்கூடச் செய்தேன்.

மகளிடம் ஏன் கேட்கவில்லை

என் மகள் யாழினி ஐந்தாம் வகுப்பு. இந்த வருடம்தான் குழுத் தலைவி ஆனாள். அந்த மஞ்சள் பட்டையைச் சட்டையில் தைத்துக் கொடுத்த நாளிலிருந்து அவள் நடையே மாறிப்போனது. இந்த முகாம்தான் அவள் தலைமை தாங்கும் முதல் காரியம். படுக்கைக்கு மேலே சுவரில், எந்தக் கேஜெட் யார் கட்டுவது என்று படம் போட்டு ஒட்டியிருந்தாள். மூங்கில் படம்தான். நான் அதை வேலி என்று நினைத்தேன்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் நான் வருகிறேன் என்றதிலிருந்து அவள் என்னோடு முகாம் பேச்சே பேசவில்லை.

"ஏம்மா நீங்க? வேற யாராச்சும் வரட்டுமே."

"வேற யாரும் வரலயே."

"நீங்க வந்தா சும்மா இருக்க மாட்டீங்கம்மா."

அதற்குக் காரணம் உண்டு. போன விளையாட்டுப் போட்டியில் அவள் ஓடிக்கொண்டிருந்தபோது, பிள்ளை முகம் வாடுகிறதே என்று தண்ணீர்ப் போத்தலோடு நானும் பாதையில் இறங்கி ஓடினேன். கொஞ்ச தூரம்தான். ஒலிபெருக்கியில், 'தயவுசெய்து எட்டாம் தடத்தில் ஓடும் அம்மா வெளியேறவும்' என்று அறிவித்தார்கள். அதை இன்றுவரை பள்ளியில் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

இப்போது நினைத்துப் பாருங்கள். அதே அம்மா, அவளுடைய முதல் முகாமுக்கு மூங்கில் கொண்டு வராமல் முறுக்கு டின் கொண்டு வந்திருக்கிறாள். யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. "டீமுக்கு நான் என்னாம்மா சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சாயங்காலத்துக்குள்ள மூங்கில் வரும்" என்றேன். எங்கிருந்து என்று எனக்கே தெரியாது.

கேட்கலாம் லா

பிள்ளைகள் சாரோடு கூடாரம் போட, நான் வேன்காரர் சேகரோடு புறப்பட்டேன். மற்றப் பள்ளிகளிடம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. அவரவர் தேவைக்கு அளந்துதான் கொண்டு வந்திருந்தார்கள். தஞ்சோங் காராங்கில் இரண்டு இரும்புக் கடைகளில் கேட்டோம். பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, மூங்கில் இல்லை என்றார்கள்.

கோலா சிலாங்கூர் பாலத்தில் ஏறியதும் சேகர் வேகத்தைக் குறைத்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா, நம்ம கோயிலுக்குப் பின்னால ஒரு கட்டு கெடக்கு, பாத்திருக்கீங்களா? திருவிழாப் பந்தல் மூங்கில்."

"தலைவர் குடுப்பாரா?"

"குடுக்க மாட்டாரு. ஆனா கேக்கலாம் லா."

எங்கள் மாரியம்மன் கோயில் அசாம் ஜாவாவைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் வெளியே தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டோம். ஆத்தாள் அங்கேதான் இருக்கிறாள், தலைவர் குப்புசாமி அண்ணனும் அங்கேதான் இருக்கிறார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வேலை, கோயிலில் தலைவர் வேலை. இரண்டு இடத்திலும் ஒரே குரல்.

அந்த மூங்கிலுக்கு ஒரு கதை உண்டு. வாடகைக்கு எடுத்த தகரப் பந்தல் ஒரு திருவிழாவில் காற்றில் பறந்து, பொங்கல் பானைமேல் விழுந்தது. இனி நமக்குச் சொந்தப் பந்தல் என்று அண்ணன் முடிவு செய்தார். புக்கிட் பெருந்துங்கில் அவர் மச்சான் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் புதர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, லோரி பிடித்துப் போய்த் தானே வெட்டினார். புதருக்குள் குளவிக்கூடு இருந்திருக்கிறது. திருவிழா முழுக்க ஒரு காது வீங்கிப்போய்தான் நின்றார். அன்றிலிருந்து அந்த மூங்கிலை அவர் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார். மழைக்குத் தார்ப்பாய், வெயிலுக்குக் கீற்று.

நாங்கள் போனபோது கோயில் குழாயடியில் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். புளி வாடை வந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"என்னா கட்டுவாங்க?"

பொய் சொல்ல வராது எனக்கு. வந்தாலும் நேரத்துக்கு வராது. "ஒரு வாசல் கட்டுவாங்கண்ணே. தட்டு வைக்க ஒன்னு, துணி காயப்போட ஒன்னு, சப்பாத்து வைக்க..."

சேகர் இருமினார். லேட்டாகிவிட்டது.

"சப்பாத்தா?" அண்ணன் விளக்கைக் கீழே வைத்தார். "ஆத்தாளுக்குப் பந்தல் போட்ட மூங்கில்ல சப்பாத்தா தங்கச்சி?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன்.

"அண்ணே, தப்பு என்னோடது. பிள்ளைங்க ரெண்டு மாசமா கயிறு கட்டிப் பழகுதுங்க. எல்லா ஸ்கூலும் கட்டும், எங்க பிள்ளைங்க மட்டும் கையக் கட்டிட்டு நிக்கணும். எம் மகதான் தலைவி."

அவர் நின்றார். "எவ? தீமிதி அன்னிக்கு மோர் ஊத்துச்சே, வரிசையில நில்லுங்கன்னு என்னையே அதட்டுன புள்ளையா?"

"அவதாண்ணே." எனக்குப் பயமாகிவிட்டது.

அண்ணன் மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மூங்கில வெட்டக் கூடாது. சப்பாத்து படக் கூடாது. கவுச்சி கிட்டக்கவே வரக் கூடாது. திருப்பிக் கொண்டாரப்ப மஞ்சத் தண்ணி தெளிச்சு உள்ள வைக்கணும். இதுல ஒன்னு தப்புனாலும் அடுத்த திருவிழாவுக்கு உன் வீட்டுக்காரர்தான் மூங்கில் வெட்டப் போவணும், அதே புதருக்கு."

என் வீட்டுக்காரர் அப்போது போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் சார்பில் ஒப்புக்கொண்டேன்.

ஆத்தாளின் நிபந்தனைகள்

வேனின் கூரையில் மூங்கிலை ஏற்றிக் கட்டி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி தொங்கவிட்டுத் திரும்பி வந்தோம். வேன் திடலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அருகில் வந்ததும் ஓட்டம் குறைந்தது. மற்றப் பள்ளிகளின் கழிகள் ஆள் உயரம். இவை பந்தல் கால்கள். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம்.

நிபந்தனைகளைச் சொன்னேன். குழுவில் சின்னவன் தேவேஷ்தான் முதலில் வாயைத் திறந்தான். "வெட்டாம எப்படிக்கா ரேக் கட்டுறது? கவுச்சி கூடாதுன்னா சாயங்காலம் சார்டின் சம்பல் என்னா ஆவுறது?"

அவன் கவலை அவனுக்கு. எல்லோரும் யாழினியைப் பார்த்தார்கள். அவள் மூங்கில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையால் அளந்து பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அம்மா, ப்ளீஸ். நான் யோசிக்கிறேன்."

சரவணன் சார் என்னைத் தனியே கூப்பிட்டு விதியைச் சொன்னார். பிள்ளைகள் கட்டும்போது பெரியவர்கள் தொடக்கூடாது. தொட்டால் அந்தக் கேஜெட்டுக்கு மதிப்பெண் இல்லை. "யோசனை சொல்லலாமா சார்?" என்று கேட்டேன். "அதுவும் வேணாம்க்கா" என்றார். ஆக, நான் பொறுப்பாளர். தொடக்கூடாத, பேசக்கூடாத பொறுப்பாளர்.

கொஞ்ச நேரத்தில் யாழினி எழுந்தாள். "சின்னச் சின்னதா நாலஞ்சு வேணாம். பெருசா ஒரு வாசல் கட்டுவோம். வெட்டவே வேணாம்."

"தட்டு ரேக்?"

"தட்டைப் பேசின்ல அடுக்கலாம்."

"சப்பாத்து?"

எங்களுக்கு ஒதுக்கிய இடம் திடலின் கோடியில், வலையில்லாத பழைய கோல் கம்பத்தை ஒட்டியிருந்தது. அவள் அதைக் கை காட்டினாள். கம்பத்தின் இரண்டு பக்கமும் சேர்த்துக் கயிறு கட்டி, சப்பாத்துகளை நாடா முடிந்து ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டார்கள். கல் கட்டிவிட்ட புடலங்காய் மாதிரி எல்லாம் வரிசையாகத் தொங்கின.

சார்டின் டப்பாக்களைப் பக்கத்து முகாம் மலாய்ப் பிள்ளைகளிடம் கொடுத்து, உருளைக்கிழங்கும் பயற்றங்காயும் வாங்கிக்கொண்டார்கள். தேவேஷ் மட்டும் அந்த டப்பாக்கள் போகும் திசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்து, டுவா, தீகா

வாசலைத் தரையில் படுக்க வைத்துக் கட்டினார்கள். மூங்கிலைக் குறுக்கே வைத்து, கயிற்றை மேலும் கீழுமாகச் சுற்றி, ஒருவர் காலால் உதைத்து இறுக்க, மற்றவர் முடிச்சுப் போட்டார். நான் என் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டேன். அப்படியும் அவை சும்மா இருக்கவில்லை. அங்கே ஒரு முடிச்சு தளர்வாக இருக்கிறதே என்று எனக்குத் தெரிகிறது. சொல்லக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் நான் மல்லிகை கட்டுகிறவள், கண்ணாலேயே தெரியும். பிறகு பார்த்தால் அந்த முடிச்சு சரியாகத்தான் இருந்தது. நான் பார்த்துப் பதறியது வேறு கயிற்றின் வால்.

தூக்கி நிறுத்துவதுதான் பெரிய பாடு. இரண்டு பக்கமும் கயிறு பிடிக்கப் பிள்ளைகள், அடியில் மிதித்துக்கொள்ள இருவர். யாழினி நடுவில் நின்று, "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் எண்ணினாள். வாசல் மேலெழுந்தது. பாதி உயரத்தில் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. ஓடினேன். மூங்கிலுக்கும் என் கைக்கும் ஒரு சாண் இருக்கும்போது அவள் குரல் கேட்டது.

"அம்மா, தொடாதீங்க. இறக்குங்கடா எல்லாரும். மெதுவா."

நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். பிள்ளைகள் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டே வாசலைப் பைய இறக்கினார்கள். யாருக்கும் அடிபடவில்லை. அவள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பலமான இரண்டு பேரை இடம் மாற்றினாள். மறுபடியும் எண்ணினாள்.

இந்த முறை வாசல் நேராக ஏறி நின்றது. கயிறுகளை முளைக்குச்சிகளில் கட்டி முடித்ததும் பிள்ளைகள் விலகி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சேகர் எங்கிருந்தோ கொஞ்சம் மாவிலை ஒடித்துக்கொண்டு வந்தார். தேவேஷ் அதைத் தோரணமாகக் கட்டிக் கொக்கிக் கழியால் மேலே மாட்டினான். திடலிலேயே உயரமான வாசல் எங்களுடையது.  நான் பெருமையை வெளியில் காட்டிக்கொள்ளாமல் டின்னைத் திறந்து ஸ்டிக்கரை எண்ணுவதுபோல் நின்றேன்.

குயில் மூங்கில்

மறுநாள் காலை நீதிபதி வந்தார். நரைத்த மீசை வைத்த மலாய் ஆசிரியர். மற்ற முகாம்களில் வாசலை ஆட்டிப் பார்த்தவர், எங்களுடையதை முதலில் அண்ணாந்து பார்த்தார். பிறகு ஆட்டினார். அசையவில்லை. கையிலிருந்த பென்சிலால் கோல் கம்பத்தைக் காட்டி, சப்பாத்து ரேக் எங்கே, ஏன் கட்டவில்லை என்று மலாயில் கேட்டார்.

யாழினி நேராக நின்று பதில் சொன்னாள். இது புலோ குயில், சப்பாத்து வைக்கக்கூடாது என்றாள். மூங்கிலுக்கு மலாயில் புலோ. கோயிலுக்கு மலாயில் குயில். பின்னால் நின்ற தேவேஷ் 'குக்கூ' என்றான். அவன் முதுகில் யாரோ ஒன்று வைத்தார்கள்.

வெட்டக்கூடாது, சப்பாத்து கூடாது, கவுச்சி கூடாது என்று அவள் மூன்றையும் விளக்கினாள். யாரால் இப்படி ஆனது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எங்கள் தொழுகை இடமான சூராவில் விருந்துக்கு வைத்திருக்கும் சட்டிகளையும் இப்படித்தான் கண்டதற்குக் கொடுக்க மாட்டோம் என்றார். பிறகு உள்ளே போகக் காலெடுத்து வைத்தவர், அப்படியே நின்று தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"நான் இதைப் போட்டுக்கொண்டு உள்ளே போகலாமா?" என்று அவளிடம் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை, மரியாதையாகவே கேட்டார்.

அதைப் பற்றிக் குப்புசாமி அண்ணன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. யாழினி என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு, "போகலாம் ஐயா. கீழே நடக்கலாம், மேலே மாட்டத்தான் கூடாது" என்றாள். அவர் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு உள்ளே போனார். அவ்வளவு உயரமான வாசலில் குனிய வேண்டிய தேவையே இல்லை.

கோப்பை எங்களுக்குக் கிடைக்கவில்லை. மற்றக் கேஜெட்டெல்லாம் கட்டாமல் கோப்பை எப்படிக் கிடைக்கும்? ஆனால் கலைந்து போகும் நேரத்தில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் எங்கள் வாசலுக்குக் கீழேதான் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது

மூங்கிலைக் கழற்றி ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வேனுக்குள் வியர்வையும் கயிறும் புகையும் கலந்த வாடை. தேவேஷ் கோழி பொரிக்கும் கடைகளை ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டு வந்தான். பையன்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, யாழினி என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாராகத்தான் இருந்தேன்.

தஞ்சோங் காராங் தாண்டியதும் அவள் சொன்னாள். "நீங்க ஒழுங்கா மூங்கில் கொண்டாந்திருந்தா, நாங்களும் எல்லார் மாதிரியும் குட்டி வாசல்தாம்மா கட்டியிருப்போம்."

அது திட்டா, பாராட்டா என்று கேட்பதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. தூங்கிப்போனாள். பின்னால் ஒரு பையன் அதைப் பார்த்துச் சிரித்தான். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டான்.

கோயில் வரும்வரை என் கை மரத்துப்போய்க் கிடந்தது. நான் அசையவே இல்லை.